ஐ-130 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களே, அஞ்சல் முகவரியும் லாகினும் யார் கையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

கணவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்க சிட்டிசன். மனைவி கும்பகோணத்தில். கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதமே, மனைவியை அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற்ற முதல் படியான ஐ-130 மனு போட்டுவிட வேண்டும் என்று, ஒரு மளிகைக் கடை மாடியில் "வருமான வரி, ஓசிஐ, விசா" என்று பலகை மாட்டியிருந்த கன்சல்டன்டிடம் போனார்கள். ஆள் தமிழர், பேச்சில் கனிவு. அரசுக் கட்டணம் போக 1,800 டாலர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பதினான்கு மாதம், எப்போது கேட்டாலும் "பேக்ரவுண்ட் செக் நடக்குதுங்க, பொறுங்க" என்ற ஒரே பதில். பதினைந்தாவது மாதம்தான் தெரிந்தது, மனு நிராகரிக்கப்பட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது. கேட்ட ஆவணத்தை அனுப்பவில்லை என்பது காரணம். கேட்டிருந்தது சார்பதிவாளர் கொடுக்கும் திருமணப் பதிவுச் சான்று. அது கும்பகோணம் வீட்டுப் பீரோவில் முதல் நாளிலிருந்து பத்திரமாக இருந்தது.

இப்படி ஒரு மனு கெடுவதற்குப் பெரிய மோசடி எதுவும் தேவையில்லை. படிவத்தில் மூன்று நான்கு இடங்கள் தப்பாகப் போனால் போதும்.

முதல் தப்பு, அஞ்சல் முகவரி. ஐ-130-இல் மனுதாரரின் அஞ்சல் முகவரிக்கு மேலே "இவர் மேற்பார்த்து" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் கன்சல்டன்ட் தன் பெயரையும், கீழே தன் அலுவலக முகவரியையும் எழுதிவிட்டார். "தபால் தொலையாம நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லித்தான் எழுதினார். இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். முக்கியமான கடிதங்களை அந்த முகவரிக்குத்தான் அனுப்பும். கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதத்தை எல்லோரும் ஆர்.எஃப்.இ. என்பார்கள். அதற்குப் பதில் போட அதிகபட்சம் 84 நாள், அமெரிக்க முகவரி என்றால் தபாலுக்கு இன்னும் 3 நாள். கெடுவை நீட்டித் தர மாட்டார்கள். அந்தக் கடிதம் மாடி அலுவலகத்தில் மற்ற உறைகளோடு கிடந்தது.

இரண்டாவது தப்பு, இணைத்த ஆவணம். பதிவுச் சான்றுக்குப் பதிலாக, கோயில் அலுவலகம் கொடுத்த திருமண ரசீதையும் கல்யாணப் பத்திரிகையையும் வைத்து அனுப்பியிருந்தார். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் கேட்பதும் அந்த அரசுச் சான்றைத்தான். கோயில் ரசீது, மண்டப ரசீது, பத்திரிகை எல்லாம் கூடுதல் ஆதாரமாக நிற்கும், சான்றின் இடத்தில் நிற்காது. தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரையோ, ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையோ யு.எஸ்.சி.ஐ.எஸ். கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து 350 டாலர் தனியாக வாங்கியிருந்தார்கள்.

மூன்றாவதுதான் மனசை அதிகம் வருத்துவது. ரசீது எண் கொடுங்கள் என்று கணவர் கேட்டபோது, மனு கிடைத்தது என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பும் ஐ-797சி அறிவிப்பின் போட்டோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தாளின் மேல் விளிம்பு மட்டும் தெரியும், ரசீது எண்ணும் தேதியும் இருக்கும். மனுதாரர் பெயர், பயனாளி (யாருக்காக மனு போட்டதோ அவர்) பெயர், முகவரி வரும் பகுதி படத்தில் இல்லை, வெட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணை யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் போட்டுப் பார்த்தால் "மனு பரிசீலனையில் உள்ளது" என்று வரும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அது வேறு யாருடைய மனுவோ.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ரசீது எண் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் சேர்ந்தது, ஐஓஇ, எம்எஸ்சி போன்ற எழுத்துகளில் தொடங்கும். அதைப் பொதுத் தளத்தில் போட்டால் படிவத்தின் பெயரும் நிலவரமும் வரும், ஆளின் பெயர் வராது. யாருடைய ஐ-130 எண்ணைக் கொடுத்தாலும் உங்களுடையது போலவே தெரியும். உங்கள் இருவர் பெயரும் அச்சான முழு ஐ-797 தாள், அல்லது உங்கள் சொந்த ஆன்லைன் கணக்கு, இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம்.

உண்மை எப்படி வெளியே வந்தது தெரியுமா? அரசுக் கட்டணத்தைக் கணவர் தன் சொந்த செக்கில் கொடுத்திருந்தார். பணமாக மாறிய செக்கின் பின்பக்கப் படத்தை வங்கித் தளத்தில் திறந்து பார்த்தபோது, அங்கே யு.எஸ்.சி.ஐ.எஸ். அச்சடித்த ரசீது எண் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த எண் வேறு. பழைய மனுக்காரர்கள் இதை இன்றே பார்க்கலாம். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு தாள் மனுக்களுக்கு செக் வாங்குவதில்லை, கார்டுப் படிவமோ வங்கிக் கணக்குப் பிடித்தமோதான். அதனால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இந்த வழி இல்லை. கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்தே கட்டுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-130 கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675 டாலர். மனைவியோ கணவரோ நிரப்பும் ஐ-130ஏ-வுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இதற்கு மேல் "அரசு பீஸ்" என்று ஒருவர் தொகை சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

அடுத்து "எக்ஸ்பிரஸ்" வியாபாரம். ஏழாவது மாதம் இதே தம்பதியிடம் "பிரீமியம் பண்ணிடலாம், 15 நாள்ல அப்ரூவல்" என்று சொல்லி 2,500 டாலர் கேட்டார்கள். நல்ல வேளை, கையில் பணம் இல்லாததால் கொடுக்கவில்லை. ஐ-130-க்குப் பிரீமியம் பிராசஸிங் என்ற வசதியே இல்லை. எச்1பி போன்ற வேலை சார்ந்த மனுக்களுக்கு அது உண்டு என்பதால், கேள்விப்பட்ட சொல்லை வைத்து ஏமாற்றுகிறார்கள். கடும் நோய், பெரும் பண இழப்பு, மனிதாபிமான அவசரம் போன்ற காரணம் இருந்தால், விரைவுபடுத்தச் சொல்லி யு.எஸ்.சி.ஐ.எஸ். தொடர்பு மையத்தில் நீங்களே கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது, ஆனால் மருத்துவமனைக் கடிதம் போன்ற ஆதாரம் வேண்டும். பிரிந்திருப்பது கஷ்டம் என்பது மட்டும் காரணமாக எடுபடுவதில்லை. அதே தளத்தில் பிராசஸிங் டைம் பக்கம் இருக்கிறது. உங்கள் ரசீது தேதியைப் போட்டால் எந்த நாளிலிருந்து "என் மனு தாமதமாகிறது" என்று விசாரணை போடலாம் என்று காட்டும். அதுவும் இலவசம்.

மனு அப்ரூவ் ஆன பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. படிவத்தில் பயனாளி எங்கே விசா வாங்கப் போகிறார் என்று ஒரு கேள்வி வரும். வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் என்றால் ஊரையும் நாட்டையும் எழுத வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மும்பை, இலங்கையில் இருப்பவர்களுக்கு கொழும்பு. அவசரத்தில் பழைய ஃபைலைக் காப்பி அடிக்கிற ஆட்கள், அமெரிக்காவுக்குள் இருந்தே நிலையை மாற்றிக்கொள்பவருக்கான இடத்தை நிரப்பிவிடுவார்கள். அப்படியானால் அப்ரூவ் ஆன மனு என்.வி.சி. என்ற தேசிய விசா மையத்துக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிடக்கூடும். அதை நகர்த்த ஐ-824 என்ற இன்னொரு படிவம், அதற்கு வேறு கட்டணம், வேறு காத்திருப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது உங்கள் கண்ணால் படித்துவிடுங்கள்.

என்.வி.சி.க்குப் போனபின் மின்னஞ்சலில் ஒரு வரவேற்புக் கடிதம் வரும். அதில் கேஸ் எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் இருக்கும். மும்பை கேஸ் எண் பிஎம்பி என்று தொடங்கும். அந்த மின்னஞ்சல் ஏஜென்ட் முகவரிக்குப் போனால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. அறிவிப்பு வந்தும் ஒரு வருடம் நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் கேஸை ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு. கட்டணம் இரண்டு. விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர். இரண்டையும் வெளியுறவுத் துறைத் தளத்தில், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்ட வேண்டும். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்புங்கள், கிப்ட் கார்டு வாங்குங்கள் என்று யார் சொன்னாலும் அது அரசுக்குப் போகிற பணம் இல்லை.

"சென்னையில இன்டர்வியூ ஸ்லாட் பிடிச்சுத் தரேன்" என்பது தமிழ்நாட்டுப் பக்கத்து ஏஜென்ட்கள் விற்கும் சரக்கு. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்முகம் நடப்பதில்லை. நேர்முகத் தேதியை ஆவணங்கள் முழுமையான வரிசைப்படி என்.வி.சி.யே ஒதுக்குகிறது, எச்1பி, விசிட்டர் விசா மாதிரி நீங்கள் தேதி தேடிப் பிடிக்கும் முறை அங்கே இல்லை. அதேபோல, மனுதாரர் கிரீன் கார்டிலிருந்து சிட்டிசன் ஆகிவிட்டால் "புது மனு போடணும்" என்று பணம் கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. குடியுரிமைச் சான்றை என்.வி.சி.க்கு அனுப்பி அதே மனுவை மேல்வகைக்கு மாற்றச் சொல்லலாம்.

இதுவரை சொன்னது பணமும் காலமும் போகிற கதை. விசாவே கைவிட்டுப் போகிற இடம் வேறு. "அதுவரைக்கும் விசிட்டர் விசால கூட்டிட்டு வந்துடுங்க, படிவத்தில சிங்கிள்னு போட்டுக்கலாம்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஐ-130 பதிவாகியிருப்பது தூதரகத்துக்குத் தெரியும். பொய் சொல்லி விசா கேட்டதாகத் தீர்மானித்துவிட்டால் வாழ்நாள் தடை, அதை விலக்கக் கேட்பது தனிப் போராட்டம். இன்னொன்று, ஜோடித்த ஆதாரம். ஒரே வாசகத்தில் நாலு நண்பர்களின் உறுதிமொழி, குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் என்று ஃபைலைக் குண்டாக்குவார்கள். உண்மையான கல்யாணத்துக்குப் பொய்யான தாள் வைத்தால் கல்யாணமே சந்தேகத்துக்கு ஆளாகும். போலித் திருமணம் என்று முடிவு கட்டிவிட்டால், அந்தப் பயனாளிக்காகப் பின்னால் யார் மனு போட்டாலும் அனுமதிக்கக் கூடாது என்பது சட்டம். உங்களிடம் இருப்பதே போதும். போர்டிங் பாஸ், மூன்று நான்கு வேறு வேறு நாள்களில் இரு வீட்டாரோடும் எடுத்த படங்கள், அழைப்புப் பட்டியல், பணம் அனுப்பிய வங்கி விவரம், பயனாளியாகப் பெயர் சேர்த்த காப்பீடு.

யாரிடம் போகலாம் என்றால், ஏதாவது ஒரு மாநில பார் அசோசியேஷனில் பதிவுள்ள வழக்கறிஞர், அல்லது நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதி. இவர்கள் மட்டுமே சட்ட ஆலோசனை சொல்லலாம். பார் தளத்தில் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் ஊரில் நோட்டரி என்றால் வழக்கறிஞர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. உங்களுக்காக வாதாடுகிற வழக்கறிஞர், தான்தான் உங்கள் பிரதிநிதி என்று தெரிவிக்கும் ஜி-28 படிவம் போடுவார். மற்ற யாராவது படிவம் நிரப்பிக் கொடுத்தால், கடைசிப் பக்கங்களில் "தயாரித்தவர்" என்ற பகுதியில் தன் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். அதைக் காலியாக விடச் சொல்கிறவரிடம் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது இது. மனுதாரரே யு.எஸ்.சி.ஐ.எஸ். தொடர்பு மையத்தை 800-375-5283-இல் அழைத்து மனுவின் நிலையையும் பதிவிலுள்ள முகவரியையும் கேளுங்கள். நீங்கள் அழைக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து வருவது போலக் காட்டிப் பணம் கேட்கும் போலி அழைப்புகளும் உண்டு. முகவரியை ஆன்லைன் கணக்கில் உடனே மாற்றுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கி, ஆக்சஸ் கோடு கேட்டு வாங்கி மனுவை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் திறந்த கணக்கு என்றால் மின்னஞ்சல், பாஸ்வேர்ட், இரட்டைச் சரிபார்ப்பு மூன்றும் உங்களுடையதாக மாற வேண்டும். உள்ளே என்ன போயிருக்கிறது என்று பார்க்க, தகவல் உரிமை கோரிக்கையில் ஃபைல் முழுவதையும் கேட்கலாம்.

பதில் அனுப்பாததால் நிராகரிக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை. மீண்டும் திறக்கக் கோரும் மனு ஐ-290பி, முடிவு தேதியிலிருந்து 30 நாள், தபாலில் வந்திருந்தால் 33 நாள். நாள் கடந்துவிட்டால் புது ஐ-130 போடலாம், தடையில்லை, ஆனால் பழைய பிரையாரிட்டி தேதி (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) கிடைக்காது. கும்பகோணத் தம்பதிக்கு நாள் கடந்துவிட்டிருந்தது. புது மனுவை ஆன்லைனில், கணவர் கணக்கில், 625 டாலர் கட்டி, பீரோவிலிருந்த சான்றோடு போட்டிருக்கிறார்கள். ரசீது அறிவிப்பு இந்தத் தடவை அவர் வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்தது.

புகாருக்கு அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையமும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை உடனே அழையுங்கள். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டப்பட்ட போட்டோவும் அதில் இருக்க வேண்டும்.