ராசிக்கல் வாங்கப் போகிறீர்களா? ஃபிரோசா மோதிரத்தில் நான் ஏமாந்த கதை

கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் போக்கில் நடக்கட்டும்.

தம்பி மதுரையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. அம்மா ஜோசியரிடம் போனார். ஃபிரோசா கல்லை வெள்ளியில் கட்டிப் போடச் சொன்னார் அவர். டர்க்காய்ஸ் என்பார்களே, வானநீலத்தில் இருக்குமே, அதுதான். கூடவே ஒரு கடையையும் சொல்லி, "நான் அனுப்புனேன்னு சொல்லுங்க" என்றாராம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடை. வெள்ளைத்தாள் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினார் கடைக்காரர். "ஈரான் சரக்குக்கா, நிஷாப்பூர். இந்தக் கறுப்பு நரம்பு ஓடுது பாருங்க, இதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்." ஃபிரோசாவுக்குப் பேர்போன ஈரான் ஊர் நிஷாப்பூர். அந்தப் பேரைக் கேட்டதும் நானும் தலையாட்டிவிட்டேன். அந்த ஊர்க் கல்லில் நரம்பே இல்லாத தெளிந்த நீலத்துக்குத்தான் மவுசு என்பது பிறகு படித்துத் தெரிந்தது. 8 கேரட், கேரட் 900 ரூபாய். வெள்ளிக்கும் செய்கூலிக்கும் சேர்த்து 1,800. மொத்தம் 9,000. ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு சர்டிபிகேட் வேறு கொடுத்தார்கள். அதில் பரிசோதனைக் கூடத்தின் முகவரியே இல்லை. பில்லில் 'கலர் கல் மோதிரம்' என்று மட்டும் இருந்தது.

மூன்றே மாதம். கல்லின் ஓரத்தில், வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு, பிறை மாதிரி ஒரு வெள்ளை. மோதிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அசரவே இல்லை. "மாவும் எண்ணெயுமா இருக்குற கையில போட்டா கல்லு என்னக்கா செய்யும்? ஃபிரோசா அப்படித்தான், எண்ணெய் ஆகாது." நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து தம்பியைத்தான் திட்டினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். அவர் சொன்னதில் பாதி நிஜம். டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட், உள்ளே நீரும் உண்டு. நீலம் செம்பினால் வருவது. நுண்துளைகள் உள்ள கல் என்பதால் எண்ணெய், வியர்வை, சென்ட் எல்லாவற்றையும் குடிக்கும். குடித்தால் என்ன ஆகும்? நிறம் மங்கிப் பச்சை ஓடும். சுண்ணாம்பு மாதிரி வெளுக்காது.

எங்கள் தெருப் பத்தர் ஐந்து நிமிஷத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கட்டைத் தளர்த்திக் கல்லை வெளியே எடுத்தார். கட்டுக்குள் மறைந்திருந்த விளிம்பு முழுக்க வெள்ளை. சாயம் ஏற்றிய பிறகு மோதிரத்துக்குத் தகுந்தபடி ராவியிருக்கிறார்கள். பேனாக்கத்தி முனையால் அடியில் ஒரு கீறு கீறினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. "கல்லு நிறம் மாறலம்மா, சாயம் போயிருக்கு" என்றார்.

ஹவ்லைட், மேக்னசைட் என்று இரண்டு வெள்ளைக் கற்கள் உண்டு. சாயத்தை நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. ஹவ்லைட்டில் இயற்கையாகவே கறுப்பு நரம்பு ஓடும், நீலச் சாயம் போட்டால் அசல் டர்க்காய்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 3.5தான். டர்க்காய்ஸ் 5 முதல் 6 வரை, கத்திக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுக் கல்லின் அடியில் தேய்த்துப் பார்க்கலாம், நீலம் இறங்கினால் சாயம்தான். ஆனால் இறங்காவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. நுண்துளைகளை அடைத்துக் கல்லை உறுதியாக்கப் பிசின் ஏற்றுவதுண்டு. அப்படி ஏற்றிய அசல் கல்லையும் அசிட்டோன் கெடுக்கலாம், அதனால் மேல்பக்கம் வேண்டாம். பிசின் ஏற்றுவது தப்பும் இல்லை. சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லைக் கட்டுவதற்கு முன்பே தனியாக வாங்கி, திருப்பி, விளிம்பைப் பாருங்கள். பில்லில் 'இயற்கை டர்க்காய்ஸ்' என்றும், சாயமோ பிசினோ ஏற்றியிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் அந்த ஒரு வரி இல்லாததுதான் இப்போது இழுவையாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கடைக்காரர் போன் பண்ணி, "பவளமா மாத்தி எடுத்துக்கங்கக்கா" என்றார். பவளம் எந்தச் சாயத்தில் வருமோ!

அம்மா இதையெல்லாம் ஜோசியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "போலிக் கல்லு, அதான் பலிக்கல" என்றவர், வேறொரு கடையின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.