புளியரை ரோட்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை: லைட் கோளாறுக்கு நம்பிப் போகலாம்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் பழைய டைனமோக்கள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். பிக்கப், குட்டியானை, லோடு ஆட்டோ வைத்திருப்பவர்கள் லைட் கோளாறு என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம். அளந்து பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்றாத கடை என்பதுதான் காரணம், அது இன்றைக்கு எவ்வளவு அபூர்வம் என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என்னுடையது பொலிரோ பிக்கப், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி கேரளாவில் புனலூர், கொட்டாரக்கரை பக்கம் இறக்குவேன். கோளாறு இதுதான்: பார்க் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் இடது பின் லைட் பளிச்சென்று ஆவதற்குப் பதில் மங்கிவிடும். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு லைட்டும் சேர்ந்து சிமிட்டும். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு பிரேக் மிதித்தால் மீட்டர் போர்டில் லேசாக ஒரு வெளிச்சம் தெரியும். ஆரியங்காவு தாண்டினால் கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், தென்மலை வரைக்கும் இறக்கமும் வளைவும்தான், ஜூன் ஜூலை மழையில் கண்ணாடியே தெரியாது, அந்த நேரத்தில் நான் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிற லாரிக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

இதற்கு முன் காட்டிய இடத்தில் பல்பை மாற்றினார்கள், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற ஃபிளாஷரை மாற்றினார்கள், பிரேக் ஸ்விட்சை மாற்றினார்கள், கடைசியில் வயரிங் செட்டையே மாற்றணும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். ஒருவர்கூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

புளியரை ரோட்டு அண்ணாச்சி முதலில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "இதுக்கு முன்னாடி என்ன லோடு ஓடுன வண்டி தம்பி?" என்றார். நீண்டகரையிலிருந்து மீன் ஏற்றிய வண்டி என்றேன். சரி என்று மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் நீட்டு வயர் போட்டுப் பிடித்தார், மறு முனையை இடது பின் லைட்டின் எர்த்து வயரில், அதாவது கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வயரில் வைத்தார், பையனைப் பிரேக் மிதிக்கச் சொன்னார். எர்த்து நன்றாக இருந்தால் அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும், அரை வோல்ட் வந்தாலே சந்தேகப்படணும். என் வண்டியில் மூன்று வோல்ட்டைத் தாண்டியது. "பல்பைக் குத்தம் சொல்லாதீங்க, கரண்டு திரும்பிப் போக வழியில்ல" என்றார்.

பின் லைட் பல்பில் இரண்டு இழை இருக்கிறது, பிரேக்குக்கு 21 வாட், பார்க்குக்கு 5 வாட், இரண்டுக்கும் எர்த்து ஒன்றுதான். அந்த எர்த்து கெட்டால் பிரேக் கரண்டு பார்க் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பார்க் லைன் முழுக்கச் சுற்றி, மற்ற லைட்டுகள் வழியாக எர்த்தைத் தேடும். மீட்டர் போர்டு மினுங்கியதும் அதனால்தான். ஒரு லைட்டைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறது என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சேஸில் எர்த்து போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு, வயர் முனையில் அடிக்கிற வளையமான லக்கைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, அடியில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வயரை உரித்தால் உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்துப்போயிருந்தது, அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் அடித்தார். உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகும் வரை தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மறுபடி மீட்டர் வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார். சாமானோடு சேர்த்து 350 ரூபாய்.

ஹெட்லைட்டையும் பார்க்கச் சொன்னேன். பழைய ஓனர் 100 வாட் பல்பு போட்டிருந்தார், ஹோல்டர் உருகிப் பழுப்பாகியிருந்தது. திரும்ப 60/55 வாட் போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர் இழுத்து ரிலே வைத்தார், ஸ்விட்சிலிருந்து வரும் கொஞ்சம் கரண்டைக் கொண்டே லைட்டுக்கான முழுக் கரண்டையும் திறந்துவிடுகிற சாமான் அது. வாட் குறைந்தும் வெளிச்சம் கூடியிருக்கிறது, முன்பு வோல்டேஜில் ஒரு பங்கு ஸ்விட்சிலும் மெல்லிய வயரிலுமே வீணாகியிருக்கும் போல. எல்இடி பார் கேட்டால் மாட்டித் தரமாட்டார். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும், கேரளா பக்கம் எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறை பிடித்தால் ஃபைன் வேறு என்பார். அவர் சொல்வது சரிதான்.

குறையும் இருக்கிறது. அவரும் ஒரு பையனும்தான், காத்திருக்கணும், உட்கார நிழல் இல்லை. பில் கேட்டால் துண்டுச் சீட்டில்தான் எழுதித் தருவார். வண்டி கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் கிடையாது, அதனால் பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் இன்ஜின் செக் லைட் எரிகிறது என்றால் கம்பெனி சர்வீஸுக்கே போகச் சொல்லிவிடுவார், தெரியாததில் கை வைக்கமாட்டார். மலையாளம் சரளமாகப் பேசுவார், கேரள டிரைவர்களும் நிறைய வருகிறார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மலையேறப் போகிற லோடு வண்டிகள் வரிசை கட்டிவிடும், அப்போது போனால் ராத்திரி ஆகிவிடும். ஜிபே இருக்கிறது.