நெத்திலிய எங்க வீட்டுல விட்ட குரூப்பு: அஞ்சுக்கு மூணரை ஸ்டார்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் அடிபட்ட நாய், நோவு வந்த நாயெல்லாம் தூக்கி வைத்தியம் பாத்து, கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சுப் பாத்துக்க ஆள் புடிச்சு, அப்புறம் நிரந்தரமா ஒரு வீடு பாத்துக் குடுக்குற சின்ன குரூப்பு ஒண்ணு இருக்கு. அவங்களுக்காக அப்படி கொஞ்ச நாள் நாய வச்சுப் பாத்துக்குற ஃபாஸ்டரா இருந்தத வச்சு எழுதுறேன். பேரு போடல. நாலஞ்சு பேரு ஆபீஸ் போய்ட்டு வந்து ராத்திரில முழிச்சுப் பண்ற வேலை, நான் காட்டமா ரெண்டு மூணு விஷயம் சொல்லப் போறேன், அதப் படிச்சுட்டு யாரும் போய் அவங்கள திட்டணும்னு இல்ல.

மூணரை எப்படி வந்துச்சுன்னா, நாய கைல குடுத்ததுக்கு அப்புறம் இவங்க செஞ்சதுக்கு நாலரை தாராளமா குடுக்கலாம். குடுக்குறதுக்கு முன்னாடி பேசுனது, வேற வீட்டுக்கு அனுப்பும்போது பேசுனது, ரெண்டும் சேத்து ரெண்டரைக்கு மேல தேறாது.

காசிமேடு பக்கம் எடுத்த பொட்ட நாய், ரெண்டு வயசு இருக்கும்னாங்க. ஒல்லின்னா அப்படி ஒரு ஒல்லி, பாத்த உடனே என் தம்பி நெத்திலின்னு பேரு வச்சுட்டான். முதுகுல பாதி முடி கிடையாது, காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா, பின்னங்கால் ஒண்ணு எப்பவோ வண்டி ஏறி உடைஞ்சு தானாவே கோணலா கூடியிருக்கு. இதுக்கு குரூப்பு போட்ட போஸ்ட்ல என்ன இருந்துச்சுன்னா, கொஞ்சம் கூச்ச சுபாவம், அன்பு குடுத்தா போதும், சரியாயிடும்.

அன்பு போதாதுங்க, டாக்ஸிசைக்ளின்ங்குற ஆன்டிபயாடிக் வேணும்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை குரூப்புல இருந்து ஒரு பொண்ணு கூடவே வந்துச்சு, அதுக்கே ஒரு ஸ்டார். ஏன்னா மெட்ரோல நாய ஏத்த முடியாது, ஆட்டோக்காரங்க நாயப் பாத்தா வண்டிய நிறுத்தவே மாட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு நாய் ஏத்துற ஆட்டோ அண்ணன் ஒருத்தர தெரியும், பின் சீட்டுல போட பழைய பெட்ஷீட் வரைக்கும் கையோட கொண்டு வந்திருந்துச்சு. வேப்பேரி பத்தி தெரியாதவங்களுக்கு: 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி அது. தோலுக்கு, எலும்புக்கு, ஸ்கேனுக்குன்னு தனித்தனியா ஆளு இருக்காங்க, செலவு கையக் கடிக்காது. படிக்கிற பசங்க நாலு பேரு சுத்தி நின்னு ஒரு நாயப் பாப்பாங்க, பயந்த நாயா இருந்தா அதுக்கு மட்டும் நம்ம தயாரா போகணும். காலைல சீக்கிரம் போய்டுங்க.

ரத்தம் எடுத்துப் பாத்தா எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல். நம்ம ஊர் நாயிங்க மேல ஏறுற அந்த பழுப்பு உண்ணி கடிச்சு பரவுறது, ரத்தத்துல பிளேட்லெட்ட காலி பண்ணிடும். நாய்க்கு சாதாரணமா 2 லட்சத்துக்கு மேல இருக்கணும், இதுக்கு 40 ஆயிரம் சொச்சம். மூக்குல ரத்தம் வந்தா உடனே தூக்கிட்டு வாங்கன்னு டாக்டர் மேடம் சொன்னாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் இப்ப கூடாது, பிளேட்லெட் ஏறட்டும், இல்லன்னா ரத்தம் நிக்காதுன்னாங்க. டாக்ஸி மாத்திரை 28 நாள். நடுவுல நல்லா ஆயிடுச்சுன்னு நிறுத்தக்கூடாது, நல்லா ஆன மாதிரி தான் தெரியும், உள்ள இருக்கும். சோறு சாப்பிட்ட பிறகு தான் குடுக்கணும், இல்லன்னா வாந்தி எடுக்கும். எங்கம்மா தயிர் சாதத்துல வச்சு உருட்டிக் குடுக்கலாம்னு இருந்தாங்க, மேடம் "அம்மா, பாலு தயிரு வேணாம்மா, அதோட சேந்தா மருந்து ஒழுங்கா உடம்புல ஏறாது"ன்னுட்டாங்க. சாம்பார்ல கெடக்குற வெங்காயமும் வேணாம், அது சிவப்பணுவ உடைக்கும், இதுக்கு ஏற்கனவே ரத்தமே இல்ல. "நாய்க்குன்னு தனியா ஒரு சமையலா"ன்னு அம்மா கேட்டாங்க. கேட்டுட்டு மறுநாள்ல இருந்து கோழிக் கழுத்து வாங்கி வேக வச்சு, எலும்ப உட்காந்து எடுத்து, கறிய மட்டும் சோத்துல பிசைஞ்சு போட்டது யாருன்னு நினைக்கிறீங்க.

தோல்ல சுரண்டிப் பாத்ததுல டெமோடெக்ஸ்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியால வர்ற சொறின்னு வந்துச்சு. அதுக்கும் உண்ணிக்கும் சேத்து ஃப்ளூராலனர் மாத்திரை, ஒண்ணு போட்டா 12 வாரத்துக்கு உண்ணி நிக்காது. விலை ஆயிரத்துக்கு மேல, குரூப்பு தான் வாங்கிக் குடுத்துச்சு. இதுல ஃபாஸ்டர் பண்றவங்களுக்கு யாரும் சொல்லாத ஒண்ணு: நாய் மேல இருக்குற உண்ணிய மட்டும் பாத்தா பத்தாது. அது கீழ இறங்கி செவுத்துல ஏறி வெடிப்புல போய் ஆயிரக்கணக்குல முட்ட போடும். எங்க வீட்டு செவுத்துல ஊர்றதப் பாத்துட்டு ஹவுஸ் ஓனர் அக்கா மாடிக்கு ஏறி வந்து நின்ன நிப்பு இருக்கே. "ஏம்மா, நாயி கொலைச்சா கூட பொறுத்துக்குவேன், இது இன்னா ஊருது." நியாயம் தான். குரூப்புல சொன்ன உடனே ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் வந்து, நாய வெளிய கட்டிட்டு, வெடிப்பெல்லாம் சிமெண்ட் வச்சு அடைச்சு, மருந்து அடிச்சுட்டுப் போனாங்க. அக்கா அவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. இந்த மாதிரி வேலை செய்ற குரூப்ப நான் வேற எங்கயும் பாக்கல.

உடம்பு கதை இவ்ளோ தான், மருந்து வேலை செஞ்சா உடம்பு தேறிடும். குணம் தான் பேஜார்.

கூச்ச சுபாவம்னாங்க இல்ல, கூச்சம் இருந்துச்சு, ஆனா தட்டு பக்கத்துல யாரு போனாலும் உடம்பு அப்படியே கல்லு மாதிரி நின்னுடும், கண்ணு ஓரமா பாக்கும், அப்புறம் உறுமல். பசில கெடந்த நாய்க்கு இது வரும், ஆச்சரியம் இல்ல. என் கோபம் என்னன்னா, எங்களுக்கு முன்னாடி அத வச்சிருந்த ஃபாஸ்டர் வீட்டுல இது நடந்திருக்கு, குரூப்புக்கும் தெரியும், எங்ககிட்ட சொல்லல. தம்பி தட்ட எடுக்கக் குனிஞ்சான், கைல ஒரு போடு போட்டுடுச்சு. பல்லு பட்டு ரத்தம். குழாயத் திறந்து விட்டு சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி. நாய்க்கு தடுப்பூசி போட்டாச்சேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, மனுஷனுக்கு ரேபிஸ் ஊசி போட்டே ஆகணும், 0, 3, 7, 28ன்னு நாள் கணக்கு எழுதிக் குடுப்பாங்க, அரசு ஆஸ்பத்திரில காசு கிடையாது. ரத்தம் வந்த கடின்னா காயத்தச் சுத்திப் போடுற ஊசி தனியா இருக்கு, அதையும் கேளுங்க. மஞ்சள், மொளகாத்தூள், சுண்ணாம்புன்னு தெருவே ஐடியா குடுக்கும், எதையும் வைக்காதீங்க.

அன்னிக்கு ராத்திரி குரூப்பு தலைவிகிட்ட போன்ல நல்லா கத்திட்டேன். "சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கக்கா, அதனால தான்"னு சொல்லுச்சு. சொல்லிட்டு மறுநாளே நாய் குணம் பாக்குற ஒரு டிரெயினர வீடியோ கால்ல புடிச்சுக் குடுத்துச்சு, காசு அவங்களே கட்டுனாங்க. ஏன் நாலரைன்னு கேட்டா இதுக்குத் தான்.

அந்த டிரெயினர் சொன்னது ரொம்ப சிம்பிள், ஆனா பொறுமை வேணும். தட்டுல இருந்து எதையும் புடுங்காதே. தட்டத் தாண்டி தூரமா நடந்து போ, போகும்போது அது தின்னுறத விட ருசியா ஒண்ணு, கோழித் துண்டு மாதிரி, அது பக்கம் போட்டுட்டு நிக்காம போய்ட்டே இரு. மனுஷன் கிட்ட வந்தா நம்மளது போகாது, கூட ஒண்ணு கிடைக்கும்னு அதுக்குப் புரியணும். உடம்பு இறுகுதுன்னா நீ கிட்டப் போய்ட்டன்னு அர்த்தம், தூரத்த கூட்டு. உறுமுனா அடிக்காதே, திட்டாதே. உறுமல் அது குடுக்குற வார்னிங், அத அடிச்சு நிறுத்திட்டா அடுத்த தடவ வார்னிங் இல்லாம நேரா கடி தான். எங்க தெருவுல எல்லாரும் "ரெண்டு போடு போட்டா அடங்கும்"னாங்க. தொடப்பக் கட்டையப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒன்னுக்கு போற நாய்ங்க அது, அதுக்கு ஏற்கனவே எவனோ நிறைய போட்டிருக்கான்.

வாய்ப்பூட்டு பத்தியும் கேட்டோம். துணில வர்றது, வாய இறுக்கிக் கட்டுறது, அது நம்ம வெயிலுக்கு ஆகவே ஆகாது, நாய் வாயத் திறந்து மூச்சு வாங்கித் தான் சூட்ட தணிச்சுக்கும். கூடை மாதிரி இருக்குறது தான் வாங்கணும், அதப் போட்டா தண்ணி குடிக்கலாம், நம்ம கம்பி வழியா தீனி குடுக்கலாம். முதல் நாளே மாட்டிடாம உள்ள தீனி வச்சு அதுவா மூஞ்சிய விடப் பழக்கணும். ஆஸ்பத்திரி போறதுக்கு இது பெரிய உதவி.

எங்க ஏரியால இன்னொரு பிரச்சனை சாவு மோளம். ஊர்வலம் கிளம்புனா மோளம், வெடி, பூ, ஆட்டம் எல்லாம் தெருவ நிறைக்கும், நான் அதுலயே வளந்தவ எனக்கே புடிக்கும், ஆனா நெத்திலி பாத்ரூம்ல போய் நடுங்கும். வெடிக்குப் பயப்படுற நாய தூக்கி வச்சு கொஞ்சுனா பயம் ஜாஸ்தியாகும்னு சொல்றாங்களே, அதெல்லாம் இல்லையாம், கிட்ட உட்காரலாம், தடவலாம். ஜன்னல சாத்தி ஃபேன ஃபுல்லா வச்சு டிவி சத்தத்த ஏத்தி விடுவோம்.

இப்ப வீடு மாத்துன கதை. இவங்க ரெண்டரை வாங்குன இடம் இது தான். உடம்பு தேறுச்சு, முடி வந்துச்சு, ஆபரேஷன் முடிஞ்சுது, போஸ்ட் போட்டாங்க. மறுபடியும் அதே பாட்டு: சாந்தமான குணம், குழந்தைங்களோட நல்லா பழகும். எங்க வீட்டுல குழந்தையே கிடையாது! கடிச்சத சொல்லுங்கன்னேன். "அது பழைய கதைக்கா, இப்ப தான் மாறிடுச்சே"ன்னாங்க. கொளத்தூர்ல ஒரு குடும்பம், தங்கமானவங்க, நாலு வயசுப் பாப்பா. தீபாவளிக்கு முன்னாடி வேற கூட்டிட்டுப் போனாங்க, வெடி சத்தத்துல புது வீடு, புது மனுஷங்க, பாப்பா தட்டுப் பக்கம் போச்சு, உறுமல். கடிக்கல, நல்ல வேளை. மறுநாள் காலைல அந்த அம்மா அழுதுட்டே திருப்பிக் கொண்டு வந்து விட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கவே மாட்டாங்க. குரூப்பு ஒரு வார்த்தை பேசாம திரும்ப வாங்கிக்கிச்சு, அவங்க அக்ரிமெண்ட்லயே இருக்கு, எப்ப வேணா திருப்பிக் குடுக்கலாம், தெருவுல மட்டும் விடக்கூடாதுன்னு. அந்த ஒரு வரிக்காகவே இவங்கள நான் சிபாரிசு பண்ணுவேன்.

நடுவுல பக்கத்து வீட்டு அண்ணன், "ஆபரேஷன் ஆயிடுச்சு இல்ல, காதுல அடையாளம் வெட்டிட்டு, புடிச்ச எடத்துலயே விட வேண்டியது தானே"ன்னு கேட்டாரு. நல்லா ஓடியாடுற தெரு நாய்க்கு அது தான் முறை, தெரு நாய் கருத்தடைக்கான 2023 ரூல்ஸும் அதத் தான் சொல்லுது. மூணு கால்ல தாண்டித் தாண்டி நடக்குறத மீன் லாரி போற ரோட்டுல விட்டா எத்தன நாளு?

ரெண்டாவது தடவ நானே எழுதித் தர்றேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். எழுதுனது இது தான்: பின்னங்கால் ஊனம், குளிர் நாள்ல வலிக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்து போனது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் பாக்கணும். சாப்பாட்டுத் தட்டுக்கு உறுமும், ஒரு தடவ கடிச்சிருக்கு. சின்னப் பசங்க இருக்குற வீடு வேணாம். தொடப்பம், ஹெல்மெட், மோளம் ஆகாது. ராத்திரி உங்க கால் மேல தலை வச்சுத் தூங்கும். யாரும் வர மாட்டாங்கன்னு குரூப்பு சொல்லுச்சு. நெறைய பேர் வரல தான். ஆனா வந்தவரு ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர்ட் ஆன பெரியவரு, பெரம்பூர், அவரும் அவரு வீட்டம்மாவும் மட்டும். அவரு கேட்ட கேள்வி வேற ஒருத்தரும் கேக்கல: "எவ்ளோ தூரத்துல நின்னா உறுமும்மா?" எனக்கு அங்கயே மனசு விழுந்துடுச்சு. முதல்ல தெருவுல சேந்து நடந்தாங்க, அப்புறம் எங்க வீட்டுல, அப்புறம் அவங்க வீட்டுல, சோதனைக்குன்னு கொஞ்ச நாள் வச்சிருந்து தான் கையெழுத்து. மாத்திரை, ஊசி எல்லாம் ஒரு டைரில எழுதுறாரு, கார்ப்பரேஷன் லைசென்ஸ் வரைக்கும் போட்டுட்டாரு. பேரு மட்டும் மாத்திட்டாங்க, அவங்க சைவம், நெத்திலின்னு கூப்பிட வாய் வரலையாம். இப்ப அது மீனாட்சி.

புது வீடு போன நாய்க்கு 3 நாள், 3 வாரம், 3 மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, பயம் குறைய, வழக்கம் பழக, வீட்டு ஆளா ஆக. கணக்கு அப்படியே வராது, ஆனா முதல் வாரமே சொந்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு காட்டாதீங்க.

காசு விஷயம்: பில்லு அனுப்புனா திருப்பித் தருவாங்க, ஆனா லேட்டாகும், ரெண்டு தடவ ஞாபகப்படுத்தணும், கைல கொஞ்சம் வச்சுக்கிட்டு இறங்குங்க. இன்னும் ஒரு எக்ஸ்ரே பில்லு எனக்கு பாக்கி. அதுவும் வந்து, அடுத்த நாய்க்கு போஸ்ட் போடும்போது கடிச்சத கடிச்சுதுன்னு எழுதுறாங்களான்னு பாத்துட்டு மூணரைய நாலா மாத்துறேன்.