பொட்டாசியம் குளோரைடு சிரப்: கிட்டெல்மன் நோயாளி ஒருவரின் மதிப்புரை

மருந்துக்கடையில் பொட்டாசியம் குளோரைடு சிரப் வாங்குபவர்களில் பலர், வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாட்கள் குடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பரம்பரைச் சிறுநீரகக் கோளாறான கிட்டெல்மன் நோய்க்காக அதை நாள்தோறும் குடித்து வருபவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்நோயில், சிறுநீரக நுண்குழலில் சோடியத்தையும் குளோரைடையும் மீட்டெடுக்கும் புரதம், எஸ்எல்சி12ஏ3 என்ற மரபணுவின் பிறழ்வால் சரிவர இயங்குவதில்லை. உப்பும் அதனுடன் நீரும் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்க, அதை உணரும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோன் குழலின் கடைப்பகுதியில் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது பொட்டாசியத்தையும் ஹைட்ரஜன் அயனியையும் வெளியே தள்ளிவிடுவதால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது, காரத்தன்மை கூடுகிறது.

ஆகவே இந்த சிரப்பின் உண்மையான மதிப்பு அதிலுள்ள குளோரைடில்தான் இருக்கிறது. ஒருமுறை கடைக்காரர் 'இதுவும் பொட்டாசியம்தானே' என்று சிட்ரேட் சிரப்பை எடுத்து நீட்டினார். சிட்ரேட் உடலில் பைகார்பனேட்டாக மாறி, ஏற்கெனவே கூடியிருக்கும் காரத்தன்மையை மேலும் கூட்டும் என்பதால், பாட்டிலில் குளோரைடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.

நான் வாங்கும் சிரப்பில் 15 மில்லிக்கு 20 மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. சுவை மோசம்: இனிப்பு சேர்த்திருந்தாலும் உப்புக்கரிப்பும் கசப்பும் நாக்கின் அடியில் வெகுநேரம் நிற்கின்றன. வெறும் வயிற்றில் குடித்தால் வயிறு எரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின், சிறு சிறு அளவுகளாகப் பிரித்துக் குடித்தால் தாங்குகிறது. மூடியிலுள்ள அளவுக்கோடுகள் மங்கலாக இருப்பது பெரிய குறை.

சிரப் மட்டும் போதாது. உப்பிழப்பு நீடிக்கும்வரை ஆல்டோஸ்டிரோன் தணியாது என்பதால் உப்பைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மெக்னீசியமும், தேவைப்பட்டால் பொட்டாசியம் சிறுநீரில் போவதைக் குறைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் அல்லது அமிலோரைடு மாத்திரையும் உடன் வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 3.0 மில்லிஈக்விவலன்ட்டை ஒட்டி நிறுத்துவதே பலருக்கும் போதிய இலக்கு, 3.5-ஐ எட்டவேண்டும் என்று சிரப்பைக் கூட்டிக்கொண்டே போனால் வயிறுதான் கெடும்.

சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களும், மேற்சொன்ன மாத்திரைகளையோ சில ரத்த அழுத்த மாத்திரைகளையோ சாப்பிடுபவர்களும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே பிசகிவிடும்.