ரிசர்வ் 143-லிருந்து 160: ஒரு தப்பான தேர்வும் அதற்குப் பிறகான ஆறு வருடமும்

போன மாதம் ஸ்கைடைவிங் பழகும் ஒரு தம்பி ஒரு ரிக் (பாராசூட்டுகள் அடங்கிய முழு செட்) விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, விலை நல்லா இருக்கு, எடுத்துடலாமா?" என்று கேட்டார். கன்டெய்னர் (பாராசூட்டுகளை வைக்கும் முதுகுப் பை) புதுசு போல இருந்தது, ஏஏடிக்கு (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) இன்னும் எட்டு வருட ஆயுள், மெயின், அதாவது வழக்கமாக இறங்கும் பாராசூட், 170 சதுர அடி. எல்லாம் பொருந்தித்தான் வந்தது, கடைசி வரியில் "ரிசர்வ் 126" என்று படிக்கும் வரை. ரிசர்வ் என்பது மெயின் கைவிட்டால் திறக்கும் அவசரப் பாராசூட். தம்பியின் எடை 85 கிலோ. ரிக், ஹெல்மெட், ஜம்ப்சூட், ஷூ எல்லாம் சேர்த்தால் இன்னொரு 11 கிலோ வரும். பவுண்டில் மொத்தம் 212. அதை 126 சதுர அடியால் வகுத்தால் விங் லோடிங் (ஒரு சதுர அடிக்கு வரும் பவுண்டு எடை) கிட்டத்தட்ட 1.7. நாற்பது ஜம்ப் முடித்த ஒருவருக்கு அந்த அளவில் ஒரு மெயினைக் கொடுத்தால் எந்த டிராப்ஸோனிலும் (குதித்து இறங்கும் மைதானம்) விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதுவே ரிசர்வ் என்றால் யாரும் கேட்பதில்லை.

எனக்கும் அப்படித்தான் நடந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் குதிப்பது புளோரிடாவில், பெரும்பாலும் டிலாண்டில். 2017-இல் 60 ஜம்ப் முடித்த கையோடு முதல் ரிக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெயின் 170 சேபர் 2, ரிசர்வ் பிடி (பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்துடையது) 143. என் மொத்த எடை 197 பவுண்டு. மெயினில் 1.16, ரிசர்வில் 1.38. விற்றவர், "ரிசர்வ்ல எப்பவோ ஒரு தடவைதானே இறங்கப் போற, எல்லாரும் இந்த அளவுதான் போடறாங்க" என்றார். எனக்கும் முதுகில் சின்னதாக, அழகாக உட்காரும் கன்டெய்னர் பிடித்திருந்தது. செருப்பு அழகாக இருக்கிறது என்று காலை வெட்டிக்கொண்ட கதைதான்.

2019-இல் அந்த "எப்பவோ ஒரு தடவை" வந்தது. 212-வது ஜம்ப். மெயின் திறந்ததும் இடது பக்கக் கயிறுகளில் முடிச்சு, பாராசூட் ஒரே பக்கமாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. சுமார் 2,000 அடியில் கட்அவே செய்து (மெயினைக் கழற்றிவிட்டு) ரிசர்வை இழுத்தேன். இதுவரை எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்தபடி நடந்தது. பிரச்சினை அதற்கப்புறம்தான்: டிராப்ஸோன் தள்ளிப் போய்விட்டது, கீழே பைன் மரங்கள், நடுவில் ஒரு மாட்டுப் பண்ணை. அந்தப் பண்ணையில் வேலிக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில்தான் இடம். 143 எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது தரை கிட்டே வந்த பிறகுதான் புரிந்தது. சேபருக்குப் பழகிய கையால் கொஞ்சம் சீக்கிரமாகவே ஃப்ளேர் அடித்தேன் (தரையைத் தொடும் முன் இரண்டு பிரேக்கையும் இழுத்து வேகத்தைக் குறைப்பது). ஒன்பது செல் (காற்று நிரம்பும் அறைகள்), காற்றே புகாத துணி, அதனால் சேபர் அப்படியே தாங்கிப் பிடிக்கும். ரிசர்வ் ஏழு செல், நம்பகமாகத் திறப்பதற்கென்றே செய்தது, துணி வேறு. அது ஒரு நொடி தாங்கிவிட்டுக் கீழே போட்டுவிட்டது. கணுக்கால் சுளுக்கு, மூன்று வாரம் கட்டு. எலும்பு முறியவில்லை, அது அதிர்ஷ்டம்.

(ரிசர்வைப் பேக் செய்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது இங்கே வழக்கம். நொண்டிக்கொண்டே போய்க் கொடுத்தேன்.)

பாட்டிலை வாங்கிக்கொண்டு ரிக்கர் கேட்ட முதல் கேள்வி: "மயக்கமா இருந்திருந்தா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சைப்ரஸ் எக்ஸ்பர்ட் என்ற ஏஏடி 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டர் வேகத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் திறந்துவிடும். வானத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதி நினைவு தப்பியவரை அது காப்பாற்றும். ஆனால் ஃப்ளேர் அடிக்க அது வராது. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், பிரேக் பாதி பூட்டிய நிலையில், யாரும் ஓட்டாமல் போய்த் தரையில் மோதும். அந்த நிலையில் இறங்கினால் உயிர் பிழைக்கும் அளவு ரிசர்வ் எது என்பதுதான் கேள்வி, நல்ல நாளில் நன்றாக ஓட்டினால் எதில் இறங்க முடியும் என்பதல்ல என்றார். லேபிளில் இருக்கும் அதிகபட்ச எடையை வைத்துத்தான் நான் அதுவரை "எனக்குச் சரி" என்று நினைத்திருந்தேன். அது அந்தத் துணியும் தையலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எல்லை, என் கணுக்காலுக்கானது இல்லை.

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், பலருக்கு இது உதவலாம். கன்டெய்னரை மாற்ற என்னிடம் பணம் இல்லை. கன்டெய்னரில் மெயின் டிரே, ரிசர்வ் டிரே (அந்தந்தப் பாராசூட்டுக்கான அறை) இரண்டும் அளவு பார்த்துத் தைத்தவை. மெயினிலாவது ஒரு அளவு முன்னே பின்னே போட்டுச் சமாளிக்கலாம், ரிசர்வில் விளையாட முடியாது. பெரிய ரிசர்வைச் சின்ன டிரேயில் திணித்தால் அதை மூடி வைக்கும் ஊசி (பின்) இறுகிவிடும், கைப்பிடியை இழுக்க அதிக பலம் வேண்டும், ஃப்ரீபேக் (ரிசர்வை மடித்து வைக்கும் பை) வெளியே வரத் தடுமாறலாம். சின்ன ரிசர்வைப் பெரிய டிரேயில் போட்டால் எல்லாம் தொளதொள, ஸ்பிரிங் பைலட் சூட் (ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) சரியாக அமுங்காது. ஆகவே 143-க்குத் தைத்த டிரேயில் பழைய வகை 160-ஐத் திணிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கேதான் ஆப்டிமம் வந்தது. பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் இந்த ரிசர்வ் மெல்லிய துணியில் செய்தது, பழைய பிடி ரிசர்வை விட ஏறக்குறைய ஒரு அளவு சின்னதாக மடங்கும். அதாவது 143 இருந்த இடத்தில் 160. விலை அதிகம்தான். வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன், அதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன்: ஆப்டிமத்தை மெயினாக மாட்டிக் குதித்துப் பார்க்க டெமோ கொடுக்கிறார்கள். 143, 160 இரண்டையும் அப்படிக் குதித்தேன். ரிசர்வ் எப்படித் திரும்பும், ஃப்ளேர் எங்கே கிடைக்கும் என்று சாவகாசமாக, 3,000 அடியில், பயமில்லாமல் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. கைகளை முழுக்க, இடுப்புக்குக் கீழே வரை இழுக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. 160-இல் நின்றபடி இறங்கினேன். 143-இல் ஓட வேண்டியிருந்தது.

கன்டெய்னர் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் என் டிரேக்கு ஆப்டிமம் 160 இருந்ததைப் பார்த்த பிறகே ரிக்கர் கை வைத்தார். முதல் தடவை பேக் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்காலை வைத்து அழுத்தி, மூலைகளில் துணியைக் கையால் நிரவி, மறுபடி அழுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட ஒன்றேகால் மணி நேரம். பின்னைச் செருகியதும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தார்: 19 பவுண்டு. எல்லை 22. திருப்தியில்லாமல் பின் செருகும் கயிற்று லூப்பைத் துளி நீளமாக்கி மறுபடி மூடினார், 16 வந்தது. அப்புறம்தான் சிவப்பு நூலும் ஈய முத்திரையும்.

ஆறு வருடமாக அதே கன்டெய்னர், அதே ரிசர்வ். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை பிரித்து மடிக்க வேண்டும், அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை ரிக்கரின் புலம்பலைக் கேட்கிறேன். குறை என்றால் அதுதான் முதல் குறை: நிரம்பிய டிரே, பேக் செய்பவருக்கு வேலை. ஒரு ரிக்கர் இதற்காகவே கூடுதல் காசு கேட்டார், நியாயம்தான். மேல் பகுதி கொஞ்சம் புடைத்து, கழுத்தருகே கட்டையாக உரசும். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

2023-இல் மறுபடி ஒரு கட்அவே. அதற்குள் மெயின் 150 ஆகியிருந்தது, லைன் ட்விஸ்ட்டில் (கயிறுகள் முறுக்கிக்கொண்டு) சுழன்றது. இந்த முறையும் வெளியே ஒரு வயலில்தான் இறங்கினேன், ஆனால் மெயினை விடப் பெரிய ரிசர்வ் தலைக்கு மேலே இருக்கும்போது இடம் தேட நேரம் கிடைக்கிறது. முழங்கால் மண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஃப்ரீபேக்கைத் தேடத்தான் மதியம் முழுக்கப் போனது. மெயினும் ரிசர்வும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால்கூட 150-யும் 160-யும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ஒன்றையொன்று இழுக்காமல் பறக்கும் என்று ஒரு சமாதானம். அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கில்லை.

இன்று வாங்குவதாக இருந்தால் 176 போடுவேன், அதற்கேற்ற கன்டெய்னரோடு. எனக்கும் நான்கு கிலோ ஏறிவிட்டது.

தம்பியிடம் ரிக்கோடு, ஷூவோடு, ஹெல்மெட்டோடு எடை மிஷினில் ஏறிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பவில்லை. "அந்த ரிக் வித்துப் போச்சுண்ணா" என்று மட்டும் நேற்று செய்தி வந்தது.