ஒரே கேபிளில் போனும் இன்டர்நெட்டும்: நாங்கள் ஏமாந்த கதை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். சென்ற ஆண்டு பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு 22 மேசைகளுக்கும் ஐ.பி. போன் (இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்) வைத்தோம். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளிலேயே போனும் ஓடும், தனி வயரிங் தேவையில்லை என்றார்கள் அமைத்துக் கொடுத்த நிறுவனத்தார். அது பொய்யில்லை. கொட்டேஷனில் "குரலுக்குத் தனி வி-லேன், முன்னுரிமை அமைப்பு: ரூ.18,000" என்று ஒரு வரி இருந்தது. அதாவது, அதே கேபிளிலேயே குரலுக்கு ஒரு தனிப் பாதை பிரித்து, நெரிசலில் அதை முதலில் அனுப்புவது. ஏமாந்தது அந்த வரியில்தான்.

காலை முழுவதும் பேச்சு தெளிவாகக் கேட்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல், ஐரோப்பாவில் அலுவலகங்கள் திறந்த பிறகு, குரல் துண்டு துண்டாக விழும். ஜெர்மனி பையர் சொன்ன 'ஃபிஃப்டீன்' ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் காதில் 'ஃபிஃப்டி' என்று விழுந்து, 50 சாம்பிள் தைத்து வைத்தோம். மேசைக்கு மேசை பேசினால் மட்டும் ஒரு குறையும் இல்லை. சிக்கல் வெளியே போகும் பாதையில்தான் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

போன் அமைத்துக் கொடுத்தவர்களை அழைத்தால், "லைன் போதாது சார், 200 எம்.பி.பி.எஸ். எடுங்கள்" என்றார்கள். அவர்கள் மூலமாகவே ஓராண்டுக்கு முன்பணம் கட்டி எடுத்தோம். குரல் அப்படியேதான் இருந்தது.

பிறகுதான் கணக்கு தெரிந்தது. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கே.பி.பி.எஸ். போதும். பத்துப் பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு எம்.பி.பி.எஸ். ஆகாது. அதே மதிய நேரத்தில் டிசைன் பிரிவு பெரிய ஃபைல்களைப் பையருக்கு ஏற்றும். ரவுட்டரில் வரிசை நீளும். குரல் பாக்கெட்டுகள் (குரலைச் சுமக்கும் சிறு தகவல் துண்டுகள்) அதன் வாலில் நிற்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஃபைல் ஏறும்போது நாங்கள் பிங் செய்து, அதாவது ஒரு சிறு தகவலை அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து, பார்த்தோம்: போய்வர 900 மில்லிசெகண்ட்.

ரவுட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டால், கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். எங்கள் காசில் வாங்கிய பெட்டிக்கு எங்களிடம் சாவி இல்லை! வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்ற பிறகே வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கத்து மில்லில் நெட்வொர்க் பார்க்கும் தம்பி திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். போன்கள் ஒவ்வொரு குரல் பாக்கெட்டிலும் 46 என்ற முன்னுரிமைக் குறியைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கின்றன. ரவுட்டரில் அதைக் கவனிக்கச் சொல்லி ஒரு விதிகூட இல்லை. போன்களையும் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் வி-லேனும் இல்லை, எல்லாம் கடையிலிருந்து வந்தபடியே. ஸ்விட்ச்சை யு.பி.எஸ்.ஸில்கூட இணைக்கவில்லை, கரண்ட் போனால் 22 போனும் ஊமை. பழைய தரைவழி போன் மின்வெட்டிலும் ஒலித்தது.

இந்த மாதிரி வேலையை வெளியாட்களிடம் கொடுப்பவர்கள் பாஸ்வேர்டையும் அமைப்பின் நகலையும் கையில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றியபடியே வெளியே அழைத்துப் பேசிப் பாருங்கள்.

அந்தத் தம்பி அரை நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தார், ரூ.3,000 வாங்கிக்கொண்டார். 200 எம்.பி.பி.எஸ். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் மீதி இருக்கிறது.