மாநில எல்லையில் வோல்டேஜ் பார்த்துக்கொள்வது: நெடுநாள் ஷிப்ட் அனுபவம்

தென்மண்டலத்தில், மாநிலத்தின் மின்சார ஓட்டத்தை இரவு பகலாகக் கவனித்து நடத்தும் ஒரு மாநில லோடு டெஸ்பாட்ச் மையத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். பக்கத்து மாநிலங்களோடு சேர்ந்து வோல்டேஜையும் ரியாக்டிவ் பவரையும் (வேலை எதுவும் செய்யாது, ஆனால் வோல்டேஜைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்) கவனித்துக்கொள்ள நமக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிரிட் கோடு என்ற மின்கட்டமைப்பு விதிகள், எம்வார் (ரியாக்டிவ் பவரின் அளவு) கணக்கு, பெங்களூரில் இருக்கும் தென்மண்டல லோடு டெஸ்பாட்ச் மையம், மாதாமாதம் நடக்கும் ஆபரேஷன் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக டெலிபோன். இதையெல்லாம் தினசரி பயன்படுத்திய ஒருவனின் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்பாட்டின் அடிப்படை நல்லது. ஆனால் எம்வாருக்கான பைசா கணக்கு வோல்டேஜை இறக்கியோ ஏற்றியோ நான் பார்த்ததில்லை. இரண்டு கண்ட்ரோல் ரூம்களும் டேப்பையும் (டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜ் விகிதத்தை மாற்றும் படி) ரியாக்டரையும் (எம்வாரை இழுத்து வோல்டேஜை இறக்கும் சாதனம்) முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட இடங்களில்தான் வோல்டேஜ் ஒழுங்காக நின்றது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே ஃபிரீக்வென்சி. இங்கே 49.9 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், ஒடிசாவில் ஒரு இயந்திரம் கூடுதலாக ஓடினாலும் நமக்கு நல்லதுதான். வோல்டேஜ் அப்படி இல்லை. திருநெல்வேலியில் வோல்டேஜ் இறங்கினால் திருநெல்வேலிக்குப் பக்கத்திலேயே யாராவது எம்வார் கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து அனுப்பினால் வழியிலுள்ள லைனின் ரியாக்டன்ஸே (மாறுமின்சாரத்துக்கு லைன் காட்டும் தடை) அதைத் தின்றுவிடும். அதனால்தான் வோல்டேஜ் விஷயத்தில் அண்டை வீட்டுக்காரர் இவ்வளவு முக்கியம். 400 கேவி பஸ் (நிலையத்தில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் கம்பி) 380க்கும் 420க்கும் நடுவில் இருக்க வேண்டும், 765 கேவி 728க்கும் 800க்கும் நடுவில். ஷிப்டில் இருப்பவருக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

கணக்கு முறையைப் பற்றி முதலில். மாநில எல்லையில் மீட்டர் இருக்கும் இடத்தில், வோல்டேஜ் 97 சதவீதத்துக்குக் கீழே போனபோது நீங்கள் கிரிட்டிலிருந்து எம்வார் இழுத்தால் பணம் கட்ட வேண்டும். கொடுத்தால் பணம் வரும். 103 சதவீதத்துக்கு மேலே போனால் அப்படியே தலைகீழ்: இழுத்தால் பணம் வரும், தள்ளினால் கட்ட வேண்டும். நடுவில் இருக்கும்போது எதுவும் கிடையாது. இதை யோசித்தவர்கள் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எம்வார் நல்லதா கெட்டதா என்பதை அந்த நேரத்து வோல்டேஜ்தான் தீர்மானிக்கும் என்ற உண்மையை, ஒரு மீட்டரில் இரண்டு ரிஜிஸ்டரை வைத்துப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் தொகையைப் பாருங்கள். 2010 ஏப்ரலில் ஒரு கிலோவார் (எம்வாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணிக்கு 10 பைசா என்று தொடங்கி, வருடத்துக்கு அரை பைசா ஏறி வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கிரிட் கோடு அதை 5 பைசாவுக்கு இறக்கியது. அந்த 5 பைசாவில், ராத்திரி ஒரு மணி நேரம் முழுக்க 50 எம்வார் தப்பான திசையில் தள்ளினாலும் 2,500 ரூபாய்தான். அதே ஒரு மணி நேரத்தில் திட்டமிட்டதிலிருந்து 50 மெகாவாட் தப்பினால் லட்சங்களில் பேசுவார்கள். ஆகவே ஷிப்டில் இருப்பவரின் கவனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரக் கணக்கில் எம்வார் தொகையைப் பார்த்து அதிர்ந்து, எம்வார் கொடுக்கும் கெப்பாசிட்டரை ஆஃப் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்த அனுபவம் எனக்கு இல்லை. கணக்கினால் வந்த நன்மை வேறு: எந்த நிலையத்தில், எந்த வாரத்தில், எந்தப் பக்கம் ஓடியது என்று எழுத்தில் ஒரு பதிவு கிடைத்தது. கூட்டத்தில் பேச அந்தப் பதிவு பெரிய துணை.

கோடைக்காலம் பழகிய பிரச்சினை. விவசாய மோட்டார், ஏசி என்று எம்வார் தேவை ஏறும், வோல்டேஜ் இறங்கும், கெப்பாசிட்டரைப் போட வேண்டும். மருந்து தெரிந்த நோய். என் காலத்தில் உண்மையான தலைவலியாக மாறியது ராத்திரி நேர உயர் வோல்டேஜ்தான்.

இரட்டை மூஸ் ரகக் கண்டக்டர் போட்ட 400 கேவி லைன், சுமார் 500 மெகாவாட் ஏற்றும்போதுதான் தான் உண்டாக்கும் எம்வாரைத் தானே செலவழித்துச் சமமாக இருக்கும். ஐப்பசியில் மழை பெய்து ஊர் குளிர்ந்த ராத்திரி 2 மணிக்கு அதில் 100 மெகாவாட் கூட ஓடாது. அப்போது லைனே ஒரு பெரிய கெப்பாசிட்டர். 100 கிலோமீட்டருக்கு 50 எம்வாருக்கு மேல் தள்ளும். 765 கேவி லைன் என்றால் அதே தூரத்துக்கு 200க்கும் மேல். இணைப்பு வலுப்பட வலுப்பட லைன்கள் கூடின. பகலில் அவை நமக்கு வரம், ராத்திரியில் 425, 428 என்று பஸ்ஸை ஏற்றிவிடும்.

இங்கேதான் அண்டை மாநிலத்தோடு பேச்சு சிக்கலாகும். ஒரு ராத்திரி பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போகும்:

"சார், உங்க பக்கத்துல இருந்து அம்பது எம்வார் உள்ள வருது. ஏதாவது பண்ணுங்க."

"இல்ல சார், அதே லைன்ல எனக்கும் அம்பது உள்ளதான் வருது."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லைன் ரியாக்டர் இல்லாத 200 கிலோமீட்டர் லைன் உண்டாக்கும் 110 எம்வாரும் பாதி பாதியாக இரண்டு பக்கமும் வழியும். இரண்டு திரையிலும் "இம்போர்ட்" என்றே காட்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டே விடிந்த ராத்திரிகள் உண்டு. புதிதாக ஷிப்டுக்கு வருபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: பக்கத்து நிலையத்திடம் எம்வார் கேட்காதீர்கள், முதலில் பஸ் வோல்டேஜைக் கேளுங்கள், அப்புறம் லைனின் இரண்டு முனை எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சண்டை பாதி குறைந்துவிடும்.

அடுத்தது டேப். 400/230 டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரும்பாலும் 17 டேப் இருக்கும், ஒவ்வொன்றும் 1.25 சதவீதம். டேப்பை மாற்றினால் வோல்டேஜ் மாறுவதைத் திரையில் உடனே பார்க்கலாம், அதனால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் டேப் ஒரு எம்வார் கூட உற்பத்தி செய்யாது. ஒரு பக்கம் இருப்பதை எடுத்து இன்னொரு பக்கம் கொடுக்கும், அவ்வளவுதான். 230 பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று இவர் டேப் ஏற்றினால் 400 பக்கத்திலிருந்து எம்வார் கீழே இறங்கும். 400 இறங்கியதைப் பார்த்து அடுத்த மாநிலத்துக்காரர் தன் டேப்பை மாற்றுவார். இருவர் நடுவிலும் எம்வார் வீணாகச் சுற்றும். இதனால்தான் 400 கேவி டிரான்ஸ்ஃபார்மர் டேப்பையும் ரியாக்டரையும் மண்டல மையத்தின் சொல்படிதான் மாற்ற வேண்டும், அதுவும் நியாயமான இடைவெளியில்தான் என்று கிரிட் கோடிலேயே வைத்தார்கள். அந்த விதி எனக்கு முழுச் சம்மதம். பருவத்துக்குப் பருவம், பக்கத்துப் பக்கத்து நிலையங்களின் டேப்பை ஒன்றாக உட்கார்ந்து ஆய்வு செய்து மாற்றியபோது கிடைத்த பலன், ஷிப்டில் தனித்தனியாகத் திருகியபோது ஒருநாளும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு எல்லையில் இன்னொரு நுணுக்கம். தமிழ்நாட்டில் 230 கேவி. கேரளம், கர்நாடகம், ஆந்திரத்தில் 220 கேவி. இடுக்கி–உடுமலைப்பேட்டை, சபரிகிரி–தேனி லைன்களைப் போல இரண்டு பெயரளவு வோல்டேஜும் ஒரே கம்பியில் சந்திக்கின்றன. உயர்ந்தபட்ச எல்லை இருவருக்கும் 245தான். கீழ் எல்லை ஒருவருக்கு 207, இன்னொருவருக்கு 198. அப்படியானால் 218 கேவி என்பது ஒரு பக்கம் கிட்டத்தட்ட 5 சதவீதம் தாழ்வு, மறுபக்கம் இயல்பு. ஒருவர் அவசரமாகக் கூப்பிடுவார், எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரமே தெரியாது. சதவீதத்தில் பேசாமல் கேவியில் பேசுங்கள், யாருடைய எல்லை எது என்று இருவரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயர் வோல்டேஜுக்கு வேறு வழியே இல்லாதபோது செய்வது லைனைத் திறப்பது. எனக்கு மனசே ஒப்பாத வேலை. ஒரு லைனைத் திறந்தால் அது தள்ளிய எம்வார் நிற்கும், வோல்டேஜ் சில கேவி இறங்கும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் இன்னொரு லைன் டிரிப் ஆனால் தாங்க வேறு லைன் குறைவு. பிரேக்கருக்கும் தேய்மானம். காலையில் லோடு ஏறுவதற்குள் திரும்பச் சேர்க்க வேண்டும்; அதற்கு மண்டல மையம் தரும் அனுமதி எண் (கோடு) வேண்டும், இரண்டு முனையிலும் ஆள் தயாராக இருக்க வேண்டும். எந்த முனையிலிருந்து சார்ஜ் செய்வது என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே 422இல் நிற்கும் முனையிலிருந்து நீண்ட லைனைச் சார்ஜ் செய்தால், திறந்திருக்கும் மறுமுனையில் இன்னும் ஏறும். வோல்டேஜ் குறைந்த முனையிலிருந்து செய்வதே நல்லது, அது பெரும்பாலும் அடுத்தவர் முனையாக இருக்கும். விடிகாலை 5 மணிக்கு அந்த உதவியைக் கேட்டு வாங்க, பகலிலேயே நல்ல உறவு வைத்திருக்க வேண்டும்.

சாதனங்கள் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். 125 எம்வார் பஸ் ரியாக்டர் வந்த நிலையத்தில், லைன் திறக்கும் பழக்கம் சட்டென்று குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். உடுமலைப்பேட்டையிலும் திருச்சியிலும் ஸ்டாட்காம் (எம்வாரைச் சட்டென்று கொடுக்கவும் இழுக்கவும் வல்ல மின்னணு சாதனம்) இருக்கிறது. 2021இல் தொடங்கிய புகளூர்–திருச்சூர் டிசி (நேர்மின்) இணைப்பு, விஎஸ்சி (வோல்டேஜ் சோர்ஸ் கன்வெர்ட்டர்) வகை என்பதால் மெகாவாட்டைத் தனியாகவும் எம்வாரைத் தனியாகவும் இரண்டு முனையிலும் நடத்த முடியும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் இப்படி ஒன்று இருப்பது பெரிய கொடை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்டாட்காமின் முழுத் திறனையும் தினசரி வோல்டேஜைத் திருத்தவே செலவழித்துவிட்டால், ஃபால்ட் வரும் நொடியில் அதனிடம் கையிருப்பு இருக்காது. மெதுவான வேலையை ரியாக்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் விட வேண்டும். இதை ஒரு மாநிலம் மட்டும் கடைப்பிடித்துப் பயனில்லை.

காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பந்தல் பக்கத்துப் பழைய காற்றாலைகளில் பல, இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் வைத்தவை. மெகாவாட் கொடுக்கும்போதே எம்வார் இழுக்கும். காற்று பலமாக அடிக்கும் ஆடி மாதத்தில் தெற்கிலிருந்து போகும் லைன்கள் நிறைந்து ஓடி வோல்டேஜ் இறங்கும், காற்று நின்ற சில மணி நேரத்தில் அதே லைன்கள் லேசாகி வோல்டேஜ் ஏறும். புதிய இன்வெர்ட்டர்களால் 0.95 பவர் ஃபேக்டர் (மொத்த மின்சக்தியில் மெகாவாட்டின் விகிதம்) வரை இரு பக்கமும் எம்வார் தர முடியும். முடியும் என்பதற்கும் அந்த நேரத்தில் வோல்டேஜ் கண்ட்ரோலில் ஓடுகிறது என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியின் விலையை 2025 ஏப்ரல் 28 அன்று உலகம் பார்த்தது. ஸ்பெயின் நேரப்படி பகல் 12:33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. வோல்டேஜ் ஏற ஏற, உயர் வோல்டேஜ் பாதுகாப்பில் மின் உற்பத்தி நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகின. விலகியதால் வோல்டேஜ் இன்னும் ஏறியது. ஸ்பெயினில் புதுப்பிக்கத்தக்க நிலையங்களில் பெரும்பகுதி நிலையான பவர் ஃபேக்டரில் ஓடியதால், ஏறும் வோல்டேஜை எதிர்த்து அவை எம்வார் இழுக்கவில்லை. போர்ச்சுகலும் கூடவே விழுந்தது. உயர் வோல்டேஜ் என்பது இன்சுலேட்டர் கவலை மட்டுமே என்று நினைத்தவர்களிடம் நான் இந்த நிகழ்வைத்தான் காட்டுகிறேன். நம் 428 கேவி ராத்திரிகளை அதற்குப் பிறகு இன்னும் கவலையோடு பார்க்கிறேன்.

இன்னும் எனக்கு வேண்டியிருப்பவை சில. எல்லைக்கு அப்பால் இருக்கும் முதல் இரண்டு நிலையங்களின் டேப் நிலையும் ரியாக்டர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் என் திரையில் நேரடியாகத் தெரிய வேண்டும். இன்றும் பல இடங்களில் போன் போட்டுத்தான் கேட்கிறோம். 11 கேவி கெப்பாசிட்டர் பேங்குகளை ராத்திரி ஆஃப் செய்ய ஆள் போக வேண்டியிருக்கிறது, அதைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி வேண்டும். பணம் செலவழிக்க மிகத் தகுதியான இடம் அதுதான். மறுநாள் ராத்திரிக்கான மெகாவாட் திட்டத்தைப் பகலிலேயே பரிமாறிக்கொள்கிறோமே, அதுபோல எல்லை பஸ்களுக்கான வோல்டேஜ் இலக்கையும், எந்த ரியாக்டரை யார் எத்தனை மணிக்கு உள்ளே எடுப்பது என்பதையும் மாலை 6 மணிக்குள் எழுதிப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து மாநில நண்பரோடு ஒரு மழைக்காலம் முழுக்க இதை வாய்மொழியாகவே செய்து பார்த்தோம். எங்கள் இரண்டு பஸ்களும் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் 420க்குள் நின்றன. அவர் இடமாற்றலாகிப் போனதும் அந்தப் பழக்கமும் நின்றுபோனது, எழுத்தில் இல்லாததால்.